பூட்டிய கோப்பில் ஒரு திருத்தம்

கணினியில் ஒரு கோப்பைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைக்கப் பலருக்கும் தெரியும். வங்கிக் கணக்கு விவரம், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், கடவுச்சொற்களின் பட்டியல் என்று ஏதாவது ஒன்றை அப்படி வைத்திருப்பார்கள். அந்தக் கோப்பில் ஒரே ஒரு எண்ணை மாற்ற வேண்டிய நாள் வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. திருத்த வேண்டுமானால் திறக்க வேண்டும். திறந்தால் ரகசியம் வெளியே வந்துவிடுகிறது. திரும்பப் பூட்டும்வரை அது எங்கே இருந்தது? பூட்டிய பிறகு அதன் நகல் எதுவும் கணினிக்குள் தங்கவில்லை என்பதற்கு என்ன நிச்சயம்?

பூட்டின் பலத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். ரகசியங்கள் நழுவுவதோ பூட்டு திறந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில். அந்த நிமிடங்களில் கணினிக்குள் என்னென்ன நடக்கிறது, கோப்பு பூட்டியபடியே இருக்கும்போது அதைத் திருத்துவது எப்படிச் சாத்தியமாகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம்.

## காசிமேட்டிலிருந்து ஒரு கோப்பு

வடசென்னையில் ராயபுரத்தை அடுத்த காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் விசைப்படகுகளில் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. மீன் கிடைத்த இடத்தையும், வலை சிக்கிக் கிழிந்த இடத்தையும் அதில் பாயிண்டாகக் குறித்துக்கொள்கிறார்கள். கடலடியில் பாறை மேடாக இருக்கும் இடத்தை மீனவர்கள் பார் என்பார்கள். பாரைச் சுற்றி மீன் கூடும். அதே பாரில் வலையும் மாட்டும். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் தரவுகளை வைத்து, மீன் கூட வாய்ப்புள்ள பகுதிகளை எல்லோருக்கும் பொதுவாக அறிவிக்கிறது. அது ஊர்ச்சொத்து. ஒரு குடும்பம் பல வருடங்களாக டீசல் செலவழித்துத் தேடிச் சேர்த்த பாயிண்டுகள் அந்தக் குடும்பத்தின் சொத்து.

அப்படி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா படகு ஓட்டுகிறார். மகள் கல்லூரியில் கணினி படிக்கிறாள். பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி வீட்டில் இருக்கிறது. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த கணினிகளில் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம் இருந்தது. அதை உருவாக்கியது சென்னையிலுள்ள சி-டாக் மையம். நாம் பார்க்கப்போகும் மென்பொருள்கள் எல்லாம் அதிலும், மற்ற எந்த லினக்ஸிலும் காசில்லாமல் கிடைப்பவை.

அப்பாவின் பாயிண்டுகளை மகள் ஒரு கோப்பில் தட்டி வைத்திருக்கிறாள். முதல் வரி படகின் பதிவு எண். பிறகு வரிக்கு ஒரு பாயிண்ட். அதில் ஒரு வரி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்; எண்கள் இந்த அத்தியாயத்துக்காக இட்டவை:

கப்பல் பார் — 13 12.450 — 80 29.310 — 22 பாகம்

அட்சரேகை 13 பாகை 12.450 நிமிடம், தீர்க்கரேகை 80 பாகை 29.310 நிமிடம், ஆழம் மீனவர் கணக்கில் 22 பாகம். ஒருநாள் கரைக்கு வந்த அப்பா சொல்கிறார்: “கப்பல் பார் பாயிண்ட் தப்பா இருக்கும்மா. நானூத்தி அம்பது இல்ல, ஐநூத்தி நாப்பது. மாத்திடு.”

இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். இங்கே வித்தியாசம் 0.09 நிமிடம், கடலில் அது ஏறக்குறைய 167 மீட்டர். வலை மீனோடு வருவதற்கும் பாறையில் மாட்டுவதற்கும் அந்தத் தூரம் போதும். எனவே திருத்தித்தான் ஆக வேண்டும். கோப்போ பூட்டியிருக்கிறது.

## பூட்டு என்பது என்ன

கணினிக்காரர்கள் என்கிரிப்ஷன் என்று சொல்வதை இங்கே மறையாக்கம் என்று அழைப்போம். படிக்கக்கூடிய வடிவம் தெளிவுரை. மறையாக்கிய பிறகு கிடைக்கும், ஒழுங்கே இல்லாததுபோலத் தோன்றும் பைட்டுகளின் வரிசை மறையுரை. இரண்டுக்கும் நடுவில் நிற்பது சாவி என்ற ஓர் எண்.

மகள் பயன்படுத்தும் மென்பொருளின் பெயர் ஜிஎன்யூபிஜி, சுருக்கமாக ஜிபிஜி. 1991-இல் அமெரிக்காவின் ஃபில் சிம்மர்மன் வெளியிட்ட பிஜிபி என்ற மென்பொருளின் வழியில், ஜெர்மனியைச் சேர்ந்த வெர்னர் கோக் எழுதிய கட்டற்ற மென்பொருள் அது. அதன் 1.0 பதிப்பு 1999-இல் வந்தது. இன்று அது பெரும்பாலும் ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையைப் பயன்படுத்துகிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த இருவர் வடிவமைத்த இம்முறையை 2001-இல் அமெரிக்க அரசு தரமுறையாக அறிவித்தது. இதில் சாவி குறைந்தது 128 பிட் நீளம் கொண்டது. அந்த நீளத்தில் எத்தனை சாவிகள் இருக்க முடியும் என்று கணக்கிட்டால் 39 இலக்க எண் ஒன்று வருகிறது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறக்க எந்தக் கணினியாலும் ஆகாது.

ஆகவே பாயிண்டுகளைத் திருட நினைப்பவர் பூட்டோடு மல்லுக்கு நிற்க மாட்டார். தெளிவுரை வேறெங்காவது கிடக்கிறதா என்றுதான் தேடுவார்.

## சுற்றுவழியும் அது விட்டுச்செல்வதும்

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி மூன்று படிகள் கொண்டது. மறையுரையைப் பிரித்துத் தெளிவுரைக் கோப்பு ஒன்றை உருவாக்குவது. அதைத் திருத்துவது. மறுபடி மறையாக்கிவிட்டுத் தெளிவுரைக் கோப்பை அழிப்பது.

மூன்றாவது படியில்தான் கோளாறு. கோப்பை அழிக்கும்போது கணினி அதன் உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. ‘இந்தப் பெயருள்ள கோப்பு வட்டில் இந்த இடத்தில் இருக்கிறது’ என்ற பதிவை மட்டும் நீக்கி, அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்கிறது. வேறொரு கோப்பு வந்து அந்த இடத்தில் எழுதப்படும்வரை பழைய எழுத்துகள் அங்கேயே இருக்கும். தவறுதலாக அழித்த கல்யாணப் படங்களைக் கடைக்காரர் மீட்டுத் தருவது இதனால்தான்.

மேலே வேறு எதையாவது எழுதி மறைத்துவிட்டால்? பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அது ஓரளவு பலிக்கும். இன்றைய எஸ்எஸ்டியிலும் பென் டிரைவிலும் நம்ப முடியாது. அவற்றிலுள்ள ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிய இடத்தின்மேல் நேராகத் திருப்பி எழுத முடியாது; ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக அழித்த பிறகே எழுத முடியும். ஒரே இடம் சீக்கிரம் தேய்ந்துவிடாமலிருக்க, உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு ஒவ்வொரு எழுத்தையும் வேறு வேறு இடத்துக்குத் திருப்பிவிடுகிறது. ‘அதே இடத்தில் எழுது’ என்று நாம் சொன்னாலும் புதிய இடத்தில் எழுதிவிட்டுப் பழையதை அப்படியே விட்டுவைக்கும்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. வட்டில் எழுதியதை அழிக்க முடியும் என்று நம்பி வேலையைத் தொடங்கக் கூடாது. தெளிவுரையை வட்டில் எழுதவே கூடாது.

## திருத்தி எடுத்துவைக்கும் நகல்கள்

மகள் கோப்புகளைத் திருத்துவது விம் என்ற மென்பொருளில். சுட்டியும் படங்களும் இல்லாமல், டெர்மினல் என்ற எழுத்துத் திரைக்குள், விசைப்பலகையை மட்டும் வைத்து இயங்கும் திருத்தி அது. 1976-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதத் தொடங்கிய விஐ என்ற திருத்தியின் வாரிசு. நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார் 1991-இல் விம்மை வெளியிட்டு, 2023-இல் இறக்கும்வரை அதைப் பேணினார்.

நல்ல திருத்தி நம் உழைப்பு வீணாகாமல் பார்த்துக்கொள்ளும். ரசீதுப் புத்தகத்தில் மேல் தாளில் எழுதும்போதே கார்பன் தாள் அடியில் ஒரு நகலை எடுத்துக்கொண்டிருப்பதைப் போல, விம்மும் நாம் கேட்காமலேயே பல நகல்களை எடுக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, இடைக்காப்புக் கோப்பு. விம்மில் இதற்கு ஸ்வாப் கோப்பு என்று பெயர். திருத்திக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலும் வேலை போகாமலிருக்க, 200 எழுத்துகள் தட்டியதும், அல்லது 4 விநாடி கை ஓய்ந்ததும், மாற்றங்களை விம் இதில் எழுதிவிடும். முறையாக வெளியேறினால் இந்தக் கோப்பு அழிக்கப்படும். ‘அழிப்பது’ என்றால் என்ன என்பதை இப்போதுதான் பார்த்தோம். கணினி நடுவில் அணைந்துவிட்டாலோ, அது முழுக் கோப்பாகவே அங்கே இருக்கும்.

இரண்டாவது, முந்தைய பதிப்பின் நகல். சேமிப்பதற்கு முன் பழைய கோப்பைப் பெயருக்குப் பின்னால் ஓர் அலைக்குறி சேர்த்து எடுத்துவைக்கும்படி பலர் விம்மை அமைத்திருப்பார்கள்.

மூன்றாவது, மீள்வரலாறு. கோப்பை மூடித் திறந்த பிறகும் பழைய மாற்றங்களைப் பின்னோக்கி நீக்க உதவும் வசதி 2010-இல் வந்த விம் 7.3-இல் சேர்ந்தது. அதை இயக்கிவைத்திருந்தால், நீக்கிய வரிகளெல்லாம் வட்டில் தனிக் கோப்பாகச் சேரும்.

நான்காவது, பலர் கவனிக்காதது: விம்இன்ஃபோ என்ற கோப்பு. நீங்கள் தேடிய சொற்கள், கொடுத்த கட்டளைகள், வெட்டிய, நகலெடுத்த வரிகள் எல்லாவற்றையும் விம் வெளியேறும்போது இதில் எழுதிவைக்கும். 50 வரி வரையிலான வெட்டுத் துண்டுகள் இதில் இடம்பெறும்.

மகள் செய்த திருத்தத்தை இப்போது நெருங்கிப் பார்ப்போம். ‘கப்பல்’ என்று தேடுகிறாள். அந்த வரிக்குப் போய் டி விசையை இரண்டு முறை தட்டுகிறாள், வரி போய்விடுகிறது. சரியான எண்ணோடு புதிய வரியை எழுதிச் சேமித்து வெளியேறுகிறாள். சில நிமிட வேலை. அவள் தேடிய சொல்லும், வெட்டிய வரியும், பாரின் பெயர், தீர்க்கரேகை, ஆழம் எல்லாவற்றோடும் விம்இன்ஃபோவில் பச்சையாகப் பதிந்துவிட்டன. பூட்டு அப்படியே உறுதியாக இருக்கிறது. பாயிண்ட் அடுத்த கோப்பில் கிடக்கிறது.

## வட்டைத் தொடாத வழி

இதற்கான தீர்வு யூனிக்ஸின் பழைய யோசனை ஒன்றிலிருந்து வந்தது. 1973-இல் பெல் ஆய்வகத்தில், டக் மெக்கில்ராய் வலியுறுத்த, கென் தாம்சன் யூனிக்ஸில் பைப் என்ற வசதியைச் சேர்த்தார். தமிழில் குழாய். ஒரு நிரல் வெளியிடுவது வட்டுக்குப் போகாமல் நேராக அடுத்த நிரலுக்குள் பாயும். நடுவில் கோப்பு இல்லை. தரவு நினைவகம் வழியாகவே கைமாறுகிறது.

விம்மில் இன்னொரு வசதி உண்டு. ஒரு குறிப்பிட்ட நிகழ்வு நடக்கும்போது வழக்கமான செயலை விட்டுவிட்டு நாம் சொல்வதைச் செய்யும்படி அமைக்கலாம். இதை நிகழ்வுக் கொக்கி என்போம். ‘ஜிபிஜி என்று முடியும் பெயருள்ள கோப்பைத் திறக்கும்போது’ என்று ஒரு கொக்கி. ‘அதைச் சேமிக்கும்போது’ என்று இன்னொன்று. குழாயையும் கொக்கியையும் இணைத்தால் வேலை முடிந்தது. மார்க்கஸ் பிரவுன் எழுதத் தொடங்கி, ஜேம்ஸ் மெக்காய் தொடர்ந்து பேணிய விம்-ஜிஎன்யூபிஜி என்ற செருகுநிரல் செய்வது இதைத்தான். இமாக்ஸ் என்ற மற்றொரு பிரபலத் திருத்தியில், 2009-இல் வந்த 23-ஆம் பதிப்பிலிருந்து இவ்வசதி உள்ளுக்குள்ளேயே இருக்கிறது.

மகள் இப்போது கோப்பைத் திறக்கும்போது நடப்பதை வரிசையாகச் சொல்லலாம். கோப்பின் பெயரைப் பார்த்ததும் கொக்கி விழித்துக்கொள்கிறது. முதல் வேலையாக, மேலே சொன்ன நான்கு நகல்களையும் நிறுத்துகிறது: இடைக்காப்பு வேண்டாம், பழைய பதிப்பின் நகல் வேண்டாம், மீள்வரலாறு வேண்டாம், விம்இன்ஃபோவில் எதையும் எழுதாதே. பிறகு ஜிபிஜியை அழைக்கிறது. ஜிபிஜி கடவுச்சொல் கேட்டு, மறையுரையைப் பிரித்து, தெளிவுரையைக் குழாய் வழியாக விம்மின் நினைவகத்துக்குள் ஊற்றுகிறது. மகளின் கண்ணுக்கு அது சாதாரணக் கோப்பாகவே தெரியும். வழக்கமான கட்டளைகள், வழக்கமான தேடல். சேமிக்கச் சொன்னதும் இரண்டாவது கொக்கி தெளிவுரையை ஜிபிஜிக்குள் அனுப்பி மறையுரையாகத் திரும்பப் பெறுகிறது. வட்டில் இறங்குவது அந்த மறையுரை மட்டுமே. அதுவும் தனிக் கோப்பாக முழுமையாக எழுதப்பட்ட பிறகே பழையதன் இடத்துக்கு வருகிறது. நடுவில் மின்சாரம் போனால் பழைய பட்டியலாவது மிஞ்ச வேண்டுமல்லவா?

இந்த வரிசையை நாமே நாலு வரியில் எழுதிவிடலாமே என்று தோன்றும். அங்கே ஒரு பொறி காத்திருக்கிறது. வெளி நிரல் ஒன்றின் வெளியீட்டை வாங்கும்போது, விம் தன் இயல்பு அமைப்பில் குழாயைப் பயன்படுத்துவதில்லை; ஒரு தற்காலிகக் கோப்பில் வாங்கித்தான் படிக்கிறது. ஷெல்டெம்ப் என்ற அந்த அமைப்பை அணைக்காவிட்டால், மறையாக்கம், கொக்கி எல்லாம் சரியாக இருந்தும் முழுத் தெளிவுரையும் வட்டில் ஒருமுறை விழுந்து எழுந்திருக்கும். மேலே சொன்ன செருகுநிரலில் அதை அணைக்க ஒரு தெரிவு உண்டு, ஆனால் இயல்பில் அது இயக்கப்பட்டிருக்காது; மேலே விவரித்த வரிசை அப்படியே நடக்க நாம்தான் அதை இயக்கிவைக்க வேண்டும். பலர் பல வருடம் சோதித்த கருவியைப் பயன்படுத்துங்கள் என்று பாதுகாப்புத் துறையினர் வலியுறுத்துவதற்கு இப்படிப்பட்ட நுணுக்கங்களே காரணம்.

## சேமிக்கும்போது ஏன் கடவுச்சொல் கேட்பதில்லை

ஜிபிஜியில் கடவுச்சொல்லால் மட்டும் பூட்டலாம். சாவி இணை வைத்தும் பூட்டலாம். இணையில் ஒரு சாவி பூட்ட மட்டும் பயன்படும்; அதை யாரிடமும் கொடுக்கலாம். மற்றது திறப்பதற்கு, அது சொந்தக்காரரிடம், கடவுச்சொல்லின் காவலில் இருக்கும். இந்த முறையில் கோப்பைத் திறக்கத்தான் கடவுச்சொல் தேவை. சேமிக்கப் பூட்டும் சாவி போதும். அது ரகசியமே இல்லை. புதிதாகப் பயன்படுத்துகிறவர்கள் சேமிக்கும்போது எதுவும் கேட்காததைக் கண்டு பூட்டு விழவில்லையோ என்று பயப்படுவதுண்டு. பூட்டு விழுந்துதான் இருக்கிறது.

ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஜிபிஜி புத்தம்புதிய சாவி ஒன்றைத் தற்செயலாக உருவாக்குகிறது. அந்த ஒரு சேமிப்புக்கு மட்டுமான அமர்வுச் சாவியால் கோப்பைப் பூட்டிவிட்டு, அமர்வுச் சாவியை நம் பூட்டும் சாவியால் மூடிக் கோப்பின் தலைப்பில் வைக்கிறது. இதனால் இரண்டு நன்மைகள்.

ஒன்று, இரண்டு இலக்கம் மாறினாலும் மறையுரை முழுவதும் மாறிவிடும். எதையுமே மாற்றாமல் சேமித்தாலும்கூட அப்படித்தான். பழைய மறையுரையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு எந்த வரி திருத்தப்பட்டது என்பது தெரியாது. கோப்பின் அளவு மட்டும் தெரியும். அதை மறையாக்கம் மறைப்பதில்லை.

மற்றொன்று, ஒரே கோப்பை இருவர் திறக்க முடியும். அமர்வுச் சாவியை மகளின் சாவியால் ஒருமுறையும் அப்பாவின் சாவியால் ஒருமுறையும் மூடி, இரண்டையும் தலைப்பில் வைத்தால் போதும். ஆளுக்கொரு கடவுச்சொல், கோப்பு ஒன்றே. ஒருவர் கடவுச்சொல்லை மறந்தாலும் மற்றவரால் திறக்க முடியும். மறந்த கடவுச்சொல்லை மீட்டுத் தர ஜிபிஜியில் எந்த அலுவலகமும் இல்லாததால், குடும்பச் சொத்துக்கு இது முக்கியமான ஏற்பாடு.

## எட்டு எழுத்து தெரிந்தால் அறுபத்து நான்கு

விம்முக்குச் சொந்தமாகவும் ஒரு பூட்டு உண்டு. செருகுநிரல் ஏதுமில்லாமல், முக்காற்புள்ளியும் பெரிய எக்ஸ் எழுத்தும் தட்டினால் கடவுச்சொல் கேட்கும். இதன் வரலாறு மறையாக்கம் எவ்வளவு நுட்பமான வேலை என்பதைக் காட்டுகிறது.

முதலில் அது ஜிப் கோப்புகளின் பழைய பூட்டைப் பயன்படுத்தியது. உள்ளே இருப்பதில் சிறு பகுதி தெரிந்தாலே அதை உடைக்கலாம் என்று எலி பிஹாமும் பால் கோச்சரும் 1994-இல் காட்டினார்கள். 2010-இல் புளோஃபிஷ் என்ற வலுவான முறை வந்தது. முறை வலுவானது, விம்மில் அதைப் பொருத்திய விதத்தில் ஒரு பிழை இருந்தது.

புளோஃபிஷ் 8 பைட்டுகள் கொண்ட துண்டுகளாக வேலை செய்கிறது. விம் பயன்படுத்திய வகையில், ஒவ்வொரு துண்டும் தற்செயல்போலத் தோன்றும் ஒரு கலவைத் துண்டோடு சேர்க்கப்பட்டு மறையுரையாகிறது. கலவைத் துண்டு ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும் என்பது மீறக்கூடாத விதி. கோப்பின் முதல் 8 துண்டுகளுக்கு, அதாவது முதல் 64 பைட்டுகளுக்கு, விம் ஒரே கலவையைப் பயன்படுத்திவிட்டது.

நம் கோப்பில் இதன் விளைவைப் பார்ப்போம். முதல் வரி படகின் பதிவு எண் என்று சொன்னோம். தமிழ்நாட்டு மீன்பிடிப் படகுகளின் பதிவு எண் ஐஎன்டி, ஒரு சிறுகோடு, டிஎன், இன்னொரு சிறுகோடு என்று தொடங்கும். ஆங்கில எழுத்தில் அது 7 பைட். எட்டாவது, மாவட்ட எண்ணின் முதல் இலக்கம். 0 அல்லது 1. ஆக, படகு எது என்று தெரியாதவருக்கும் முதல் 8 பைட் இரண்டே ஊகத்தில் கிடைத்துவிடும். தெளிவுரையும் மறையுரையும் தெரிந்தால் இரண்டுக்கும் இடையிலுள்ள கலவைத் துண்டு தெரிந்துவிடும். அதே கலவைதான் அடுத்த ஏழு துண்டுகளுக்கும் போடப்பட்டிருக்கிறது. மீதி 56 பைட்டுகளும் கடவுச்சொல் இல்லாமலேயே திறந்துகொள்ளும். முழுப் பதிவு எண்ணும் வெளியாகும். அடுத்த வரி எண்களில் தொடங்கினால் முதல் பாயிண்டும் அதிலேயே அடங்கிவிடும்.

2014-இல் இந்தப் பிழை நீக்கப்பட்டுப் புளோஃபிஷ்2 வந்தது. 2021-இல், லிப்சோடியம் என்ற பொது நூலகத்தின் உதவியோடு எக்ஸ்சாச்சா20 என்ற புதிய முறை சேர்ந்தது. மறையுரையை யாராவது மாற்றியிருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் திறனும் அதோடு வந்தது. விம்மிலிருந்து பிரிந்து வளர்ந்த நியோவிம் திருத்தியிலோ இந்தப் பூட்டையே எடுத்துவிட்டார்கள். மறையாக்கத்தை அதற்கென்றே உள்ள மென்பொருளிடம் விட்டுவிடுவது நல்லது என்பது அந்த வரலாறு தரும் பாடம்.

## சாவி சிக்கிய கப்பல்

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. வடசென்னையில் இன்றும் பேசப்படும் செய்தி அது. அதற்கு நான்கு வாரம் முன்பு, ஆகஸ்ட் 26 அன்று, மக்தபர்க் என்ற இன்னொரு ஜெர்மானியப் போர்க்கப்பல் பால்டிக் கடலில், இன்றைய எஸ்தோனியாவின் கரையோரத் தீவு ஒன்றின் அருகே தரைதட்டியது. கப்பலிலிருந்த ரகசியச் செய்திக் குறியீட்டுப் புத்தகங்கள் ரஷ்யர்கள் கையில் சிக்கின. ஒரு பிரதி அக்டோபரில் லண்டன் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு ஜெர்மானியக் கடற்படையின் செய்திகளை ஆங்கிலேயர் படிக்கத் தொடங்கினார்கள். புத்தகம் கைக்கு வந்தது அந்த வேலையின் பெரும்பங்கை எளிதாக்கிவிட்டது.

நம் கோப்புக்கும் அதே ஆபத்து உண்டு. 39 இலக்கப் பாதுகாப்பு முழுவதும் மகள் வைக்கும் கடவுச்சொல்லில் தொங்குகிறது. அது படகின் பெயராகவோ தம்பியின் பிறந்தநாளாகவோ இருந்தால், பூட்டின் பலம் அந்த ஊகத்தின் பலம்தான். பகடைகளை உருட்டி, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஆறு சொற்களைத் தேர்ந்தெடுப்பது எளிய வழி. அப்படி அமையக்கூடிய கடவுச்சொற்களின் எண்ணிக்கை 24 இலக்கம் கொண்டது. கடவுச்சொல்லைச் சாவியாக மாற்றும் கணக்கை ஜிபிஜி வேண்டுமென்றே பல லட்சம் முறை திரும்பச் செய்கிறது. நமக்கு அது கண்சிமிட்டும் நேரம். ஊகித்து ஊகித்துப் பார்ப்பவருக்கோ ஒவ்வொரு ஊகத்திலும் அந்தத் தாமதம் சேரும்.

ஒவ்வொரு முறையும் ஆறு சொற்களைத் தட்டுவது சலிப்பு என்பதால், ஜிபிஜியின் துணை நிரல் ஒன்று கடவுச்சொல்லைச் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்கிறது. இயல்பாக அது கடைசியாகப் பயன்படுத்தியதிலிருந்து 10 நிமிடம். தொடர்ந்து பயன்படுத்தினாலும் 2 மணி நேரத்துக்கு மேல் இல்லை. அந்த நேரத்தில் கணினியைத் திறந்தபடி விட்டுப் போனால், வருகிறவர் கடவுச்சொல் இல்லாமலேயே கோப்பைத் திறக்கலாம்.

## இந்தக் காப்பு எதுவரை

தெளிவுரை நினைவகத்தில் மட்டும் இருக்கிறது என்றோம். நினைவகம் நிரம்பினால் இயங்குதளம் அதன் ஒரு பகுதியை வட்டிலுள்ள ஸ்வாப் பகுதிக்குத் தள்ளும்; விம்மின் ஸ்வாப் கோப்பு வேறு, இது வேறு. கணினியை ஹைபர்னேட் செய்தால் நினைவகம் முழுவதுமே வட்டில் எழுதப்படும். கடவுச்சொல்லும் சாவியும் ஸ்வாப் பகுதிக்குத் தள்ளப்படாமலிருக்க ஜிபிஜி தனி ஏற்பாடு செய்கிறது; விம்முக்குள் இருக்கும் பாயிண்டுகளுக்கு அந்த ஏற்பாடு இல்லை. எனவே ஸ்வாப் பகுதியையும் சேர்த்து முழு வட்டையும் மறையாக்கி வைப்பது அவசியம். லினக்ஸை நிறுவும்போதே அதற்கான கேள்வி வரும்.

மின்சாரத்தை நிறுத்தியவுடன் நினைவகம் வெறுமையாகிவிடுவதும் இல்லை. சில விநாடிகளுக்கு அதில் தரவு மிஞ்சியிருக்கிறது, சில்லைக் குளிர வைத்தால் இன்னும் நீடிக்கிறது என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் செய்து காட்டினார்கள். திரையை எட்டிப் பார்ப்பவர், தட்டும் விசைகளைப் பதியும் தீய நிரல், வேறு செயலிக்கு நகலெடுத்து ஒட்டுவது — இவற்றையும் இந்த முறை தடுக்காது. அது தருவது ஒரே ஓர் உறுதி: கோப்பை மூடிய பிறகு கணினி திருடு போனாலும், பழுதுபார்க்கக் கடைக்குப் போனாலும், பழைய விலைக்கு விற்கப்பட்டாலும், வட்டில் தெளிவுரை இருக்காது. வடசென்னையின் ஒண்டுக்குடித்தன வீடுகளில் ஒரு கணினியைப் பலர் பயன்படுத்தும் நிலையில் அந்த உறுதிக்கு நிறைய மதிப்பு உண்டு.

## நீங்களே சோதித்துப் பாருங்கள்

இதில் எதையும் நம்பிக்கையின்பேரில் ஏற்க வேண்டியதில்லை. வேறெங்கும் வராத சொல் ஒன்றைத் தட்டுங்கள். அர்த்தமில்லாத பத்துப் பன்னிரண்டு எழுத்து போதும். அதைப் பூட்டிய கோப்பில் ஒரு வரியாகச் சேர்த்து, அந்த வரியை வெட்டி, வேறிடத்தில் ஒட்டி, சேமித்து வெளியேறுங்கள். இப்போது கிரெப் என்ற தேடல் கட்டளையால் உங்கள் முகப்பு அடைவு முழுவதையும் தற்காலிகக் கோப்புகளின் அடைவையும் துழாவுங்கள். மறைந்த கோப்புகளையும் சேர்த்துத் தேட வேண்டும். தேடும் சொல்லை டெர்மினலில் தட்டினால் கட்டளை வரலாற்றிலும் அது ஏறிவிடும் என்பதால், அந்தக் கோப்பில் கிடைப்பதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். வேறெங்காவது கிடைத்தால் அது கசிவு. எந்தக் கோப்பு என்பதைக் கொண்டே எந்த வசதி கசியவிட்டது என்பதும் தெரிந்துவிடும். திருத்தியையோ செருகுநிரலையோ புதுப்பிக்கும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்யலாம்.

கைபேசிச் செயலிகளும் அலுவலக மென்பொருள்களும் ‘உங்கள் தரவு மறையாக்கப்பட்டுள்ளது’ என்று அறிவிக்கும்போது, இனி நாம் கேட்க வேண்டியது, நான் அதைத் திறந்து வேலை செய்யும் நேரத்தில் அது எங்கெங்கே எழுதப்படுகிறது என்பதைத்தான். பெரிய நிறுவனங்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கத் தனித் துறையே இருக்கிறது. கடலில் தேடிச் சேர்த்த பாயிண்டுகளைத் தவிர வேறு மூலதனம் இல்லாத குடும்பத்துக்கு அப்படி யாரும் இல்லை. ஆனால் அந்தப் பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் அதே தரமுறை மறையாக்கம், எழுதியவர்கள் பொதுவில் வைத்துவிட்டுப்போன கருவிகளாக, அரசு கொடுத்த மடிக்கணினியிலும் இயங்குகிறது. அதைச் சரியாகக் கையாளத் தெரிந்துகொண்டால், எண்ணூர் கடலின் ஒரு பாரையும் ஒரு வங்கியின் கணக்கேட்டையும் ஒரே வலிமையோடு காக்கலாம்.